கார்ட்ரிட்ஜை மாற்றாதீர்கள், டிரான்ஸ்பார்மரை நகர்த்துங்கள்

கேள்வி கேட்டவர் மலேசியாவின் சுங்கை சிப்புட் தம்பி. பழைய கடைவீட்டின் பலகை மாடியில் குடியிருக்கிறார். பெரியப்பா விட்டுப்போன இருநூற்றுச் சொச்சம் இசைத்தட்டுகளைக் கேட்பதற்காக ஜப்பானில் ஓடிய டெக்னிக்ஸ் எஸ்எல்-1200ஜி டர்ன்டேபிள் ஒன்றை வரவழைத்து, அதில் டெனான் டிஎல்-103 கார்ட்ரிட்ஜை, அதாவது ஊசியின் அசைவை மின்சாரமாக்கும் சிறு பெட்டியைப் பொருத்தி, அந்த மெல்லிய மின்சாரத்தைப் பெருக்கித் தரும் கைக்கு அடக்கமான ஒரு போனோ ஸ்டேஜ் வழியாக ஆம்ப்ளிஃபையருக்குக் கொடுத்திருக்கிறார். புகார் நான்கு. சத்தம் போதவில்லை. கூட்டினால் பாட்டோடு சேர்ந்து 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல். ஒவ்வொரு பக்கத்திலும் கடைசிப் பாட்டு வந்தால் வலது ஸ்பீக்கரில் 'ச', 'ஸ' எல்லாம் கிழிகிறது. மகள் அறைக்குள் ஓடினால் ஊசி குதிக்கிறது. கார்ட்ரிட்ஜ் சரியில்லை, இதைவிட விலை கூடியதை வாங்கு என்று நண்பர்கள் சொல்கிறார்களாம். வாங்கலாமா என்பதுதான் கேள்வி.

வேண்டாம் தம்பி. நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். போனோ ஸ்டேஜ் உட்கார்ந்திருக்கும் அதே அலமாரித் தட்டில், அதை ஒட்டி, கறுப்பு டப்பா ஒன்று இருக்கிறதே, 240 வோல்ட்டை 100 ஆக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர், உங்கள் 'ம்ம்ம்' அங்கிருந்துதான் வருகிறது என்று பாதிப் பந்தயம் கட்டுவேன். மீதிப் பாதி போனோ ஸ்டேஜின் அடியில் இருக்கும் ஒரு குட்டி சுவிட்சுக்கு.

முதலில் அந்த சுவிட்சு. டிஎல்-103 ஒரு மூவிங் காயில் கார்ட்ரிட்ஜ், ஊசியோடு கம்பிச்சுருள் அசையும் ரகம். 1960-களின் தொடக்கத்தில் ஜப்பான் ஒலிபரப்புக் கழகமான என்.எச்.கே.யின் ஒலிபரப்பு வேலைக்காக உருவாக்கப்பட்டது, இன்றும் தயாரிக்கிறார்கள். அதிலிருந்து வெளிவரும் மின்னழுத்தம் 0.3 மில்லிவோல்ட். ஊசியோடு காந்தம் அசையும் சாதாரண மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜ் தருவது 3 முதல் 5 மில்லிவோல்ட், அதாவது பத்துப் பதினைந்து மடங்கு அதிகம். போனோ ஸ்டேஜ் மூவிங் மேக்னட்டுக்கு 40 டெசிபெல், அதாவது நூறு மடங்கு பெருக்கும். மூவிங் காயிலுக்கு 60 டெசிபெல், ஆயிரம் மடங்கு. கணக்குப் போட்டுப் பாருங்கள். 0.3 மில்லிவோல்ட்டை ஆயிரத்தால் பெருக்கினால் 300 மில்லிவோல்ட், ஆம்ப்ளிஃபையருக்குத் தாராளம். நூறால் பெருக்கினால் வெறும் 30. உங்கள் சுவிட்சு மூவிங் மேக்னட் நிலையில் இருக்கிறது என்று நினைக்கிறேன், மூவிங் காயிலுக்கு மாற்றுங்கள். வால்யூமை மூன்று மணி நிலைக்குத் திருகினால்தான் பாட்டே கேட்கிறது என்று எழுதியிருந்தீர்களே, காரணம் இது. வால்யூமைத் திருகும்போது பாட்டு மட்டுமா ஏறும்? ஆம்ப்ளிஃபையருக்கு முன்னால் எங்கெல்லாம் இரைச்சல் ஒட்டியதோ அதுவும் கூடவே ஏறும். ஆக, உங்கள் முதல் இரண்டு புகாரும் பாதி ஒரே புகார்தான்.

சுவிட்சை மாற்றும்போது பக்கத்தில் இன்னொரு வரிசை இருந்தால் அதையும் பாருங்கள், லோடு என்று போட்டிருக்கும். கார்ட்ரிட்ஜ் எதிர்கொள்ளும் மின்தடை அது. மூவிங் மேக்னட்டுக்கு 47 கிலோஓம். டிஎல்-103-இன் உள் மின்தடை 40 ஓம். லோடு 100 ஓமுக்குக் கீழே போகக் கூடாது, உள் மின்தடையைப்போல் பத்து மடங்கு, அதாவது 400 ஓம் பக்கம் வைத்தாலும் நல்லது. இரண்டையும் கேட்டுப் பார்த்துப் பிடித்ததை வைத்துக்கொள்ளுங்கள். நான் 100-இல் கேட்டால் மேல் ஸ்தாயி கொஞ்சம் போர்வை போர்த்தியதுபோல் இருக்கிறது என்பேன், என் மருமகன் அதுதான் சுகம் என்பார். உங்கள் பெட்டியில் மூவிங் காயில் வசதியே இல்லை என்றால், ஒன்றுக்குப் பத்து ஸ்டெப்-அப் டிரான்ஸ்பார்மர் ஒன்றை நடுவில் போடலாம். 0.3 மில்லிவோல்ட் 3 ஆகிவிடும். 47 கிலோஓம் லோடு கார்ட்ரிட்ஜின் கண்ணுக்கு நூறில் ஒரு பங்காக, 470 ஓமாகத் தெரியும். பழைய வால்வுக்காரர்கள் சாதித்தது எல்லாம் இந்த வழியில்தான்.

இப்போது அந்தக் கறுப்பு டப்பா. அது இல்லாமல் முடியாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜப்பான் உள்நாட்டு எந்திரத்துக்கு 100 வோல்ட். நம் சுவரில் அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். பயண அடாப்டர் என்று விற்கிறார்களே, அது பிளக்கின் வடிவத்தை மட்டும் மாற்றும், வோல்ட்டை மாற்றாது. 1980-களில் எனக்கு இது தெரியாது. யாரோ கப்பலில் கொண்டுவந்த ஜப்பான் ஆம்ப்ளிஃபையரை அடாப்டர் மாட்டிச் சொருகினேன். இரண்டு வினாடி அற்புதமான வெளிச்சம், அப்புறம் தோட்டத்து லயத்துக்கே கேட்கும்படி ஒரு சத்தம். அம்மா அடுப்பங்கரையிலிருந்து ஓடி வந்ததும், கித்தா (ரப்பர்) தொழிற்சாலைப் புகைக்கூடத்தை வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டாயா என்று கேட்டதும் நினைவிருக்கிறது.

உங்கள் எந்திரம் குவார்ட்ஸ் கட்டுப்பாட்டில் ஓடும் நேரடிச் சுழற்சி ரகம் என்பதால் 50 ஹெர்ட்ஸா 60 ஹெர்ட்ஸா என்ற கவலை இல்லை. பெல்ட் போட்ட பழைய ஜப்பான் டர்ன்டேபிள் வாங்கலாமா என்று யோசிக்கும் மற்றவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். ஜப்பானின் மேற்குப் பகுதியில் 60 ஹெர்ட்ஸ், கிழக்கில் 50. மின்சாரத்தின் அதிர்வெண்ணை நம்பிச் சுற்றும் மோட்டாரில் 60-க்கான புல்லி இருந்தால், நம் 50 ஹெர்ட்ஸில் தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்றுக்குப் பதில் 27.8 சுற்றுதான் சுற்றும். பாட்டு ஒன்றரைக் கட்டைக்கு மேல் இறங்கி, சுசீலா அம்மா குரல் ஆண் குரலாகிவிடும். புல்லியை மாற்றாமல் அதற்கு வைத்தியம் கிடையாது.

டிரான்ஸ்பார்மர் என்பது இரும்பில் சுற்றிய கம்பி. அதைச் சுற்றி 50 ஹெர்ட்ஸில் துடிக்கும் காந்தப்புலம் இருக்கும். போனோ ஸ்டேஜ் ஆயிரம் மடங்கு பெருக்கக் காத்திருக்கும் காது. இரண்டையும் பக்கத்தில் உட்கார வைத்தால் கோயில் தம்பூராபோல் ஓயாமல் மீட்டிக்கொண்டேதான் இருக்கும். நல்ல செய்தி, இந்தப் புலம் தூரத்தோடு மிக வேகமாகத் தேய்ந்துவிடும். ஒரு மீட்டர் தள்ளி, முடிந்தால் தரையில் வையுங்கள். நகர்த்த இடமில்லை என்றால் டப்பாவை மெல்லத் திருப்பிப் பாருங்கள். ஒரு கோணத்தில் இரைச்சல் ஏறும், இன்னொரு கோணத்தில் ஏறக்குறைய அடங்கும். திருப்பும்போது சத்தம் மாறினால் குற்றவாளி அகப்பட்டான் என்று அர்த்தம்.

மாறவே இல்லை என்றால் என் பந்தயம் தோற்றது. அப்போது வரிசையாகப் போக வேண்டும். ஒவ்வொரு தடவையும் வயரைப் பிடுங்குமுன் வால்யூமை முழுதாக இறக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் ஸ்பீக்கர் உங்களைத் திட்டும். முதலில் ஆம்ப்ளிஃபையரில் வேறு இன்புட்டுக்குப் போங்கள். அங்கேயும் இரைச்சல் இருந்தால் டர்ன்டேபிளைத் தொட வேண்டாம், சிக்கல் ஆம்ப்ளிஃபையர் பக்கம். அங்கே அமைதி என்றால் போனோவுக்குத் திரும்பி, டர்ன்டேபிள் வயரைக் கழற்றிவிட்டு அந்த இன்புட்டில் ஷார்ட்டிங் பிளக் போடுங்கள். கடையில் கிடைக்காவிட்டால் பழைய ஆர்.சி.ஏ. பிளக்கில் நடு முனையையும் வெளி வளையத்தையும் சேர்த்து ஈயம் வைத்தால் போதும். வெறுமனே திறந்து விட்டுச் சோதிக்காதீர்கள், திறந்த இன்புட் அதுவாகவே முனகும். ஷார்ட் போட்டும் இரைச்சல் வந்தால் போனோ ஸ்டேஜோ அதன் அடாப்டரோதான். அமைதியாகிவிட்டால் டர்ன்டேபிள், அதன் வயர், எர்த் இந்த மூன்றில் ஒன்று.

எர்த் வயரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1200ஜி-யில் ஆர்.சி.ஏ. வயரைக் கழற்றி மாட்டலாம், எர்த்துக்குத் தனித் திருகு இருக்கிறது. கைமாறி வரும்போது அந்தத் தனி வயர் தொலைந்துபோவது சகஜம். உங்கள் படத்தில் எனக்கு அது தென்படவில்லை. கார்ட்ரிட்ஜைத் தாங்கும் ஆர்ம் குழாயை விரலால் தொடும்போது இரைச்சல் குறைகிறதா என்று பாருங்கள். குறைந்தால் எர்த் இல்லை. ஏதாவது ஒரு மெல்லிய தாமிர வயரை டர்ன்டேபிள் திருகிலிருந்து போனோ ஸ்டேஜ் திருகுக்குக் கட்டினால் வேலை முடிந்தது. போனோ ஸ்டேஜிலிருந்து இன்னொரு எர்த்தை ஆம்ப்ளிஃபையருக்கு, அங்கிருந்து இன்னொன்றைத் தண்ணீர்க் குழாய்க்கு என்று கட்டிக்கொண்டே போகாதீர்கள். எர்த் இரண்டு வழியில் சுற்றி வந்தால் வளையமாகும், வளையம் ஆண்டெனாவாகும். அதேபோல் ஆம்ப்ளிஃபையரின் மூன்று பின் பிளக்கில் எர்த்தைப் பிடுங்கினால் இரைச்சல் போகும் என்று யாராவது யோசனை சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அது உயிரைக் காக்கும் வயர்.

இரைச்சலின் குரலும் முகவரி சொல்லும். ஆழமான, வட்டமான 'ம்ம்ம்' 50 ஹெர்ட்ஸ், பெரும்பாலும் காந்தப்புலமோ எர்த் இல்லாததோ எர்த் வளையமோ. 'ர்ர்ர்' என்று வண்டுபோல் முரட்டாகக் கேட்டால் 100 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும். பவர் சப்ளை, மட்டமான எல்.இ.டி. விளக்கு, போன் சார்ஜர் பக்கம் தேடுங்கள். ஒவ்வொன்றாக அணைத்துப் பார்க்கப் பத்து நிமிடம் ஆகாது.

சரி, கடைசிப் பாட்டு. எனக்கு மிகவும் பிடித்த புகார் இது, ஏனென்றால் இதில் வடிவகணிதம், வைரம், உங்கள் பெரியப்பா மூன்றும் கலந்திருக்கிறது.

தட்டு ஒரே வேகத்தில் சுற்றினாலும் ஊசிக்குக் கீழே பள்ளம் ஓடும் வேகம் ஒன்றல்ல. எல்.பி.யின் ஓரத்தில் வினாடிக்கு ஏறக்குறைய 51 சென்டிமீட்டர், லேபிளுக்குப் பக்கத்தில் சுமார் 21. அதே 'ச' உள்ளே வரும்போது பாதிக்கும் குறைவான இடத்தில் நெருக்கிச் செதுக்கப்பட்டிருக்கிறது. அதனால் சிறு பிழையும் உள்ளேதான் முதலில் காட்டிக்கொடுக்கும். இன்னொன்று, தட்டை வெட்டிய எந்திரம் நேர்கோட்டில் நகர்ந்து வெட்டியது. நம் ஆர்ம் ஒரு முனையில் நின்றுகொண்டு வில்லாக வளைந்து நகர்கிறது. எத்தனை விலை கொடுத்து வாங்கிய ஆர்மானாலும் கார்ட்ரிட்ஜ் பள்ளத்துக்குச் சரியாக நேராக நிற்பது இரண்டே இரண்டு இடங்களில். அந்த இரண்டு இடம் எங்கே விழ வேண்டும் என்பதில்தான் சண்டை. பேர்வால்டு கணக்கில் மையத்திலிருந்து 66 மில்லிமீட்டரிலும் 120.9-லும். ஸ்டீவன்சன் கணக்கில் 60.3-லும் 117.4-லும். பேர்வால்டில் மொத்தப் பக்கமும் சராசரியாக நன்றாயிருக்கும், ஸ்டீவன்சனில் கடைசிப் பாட்டுக்குச் சலுகை.

1200 வரிசைக்குத் தொழிற்சாலை சொல்வது ஊசி முனைக்கும், கார்ட்ரிட்ஜை மாட்டும் ஹெட்ஷெல்லின் பின் விளிம்புக்கும் இடையே 52 மில்லிமீட்டர், அதற்கென்று ஒரு பிளாஸ்டிக் அளவுகோலும் வரும். அது ஸ்டீவன்சனுக்கு நெருங்கிய அமைப்பு. பல ஆர்வலர்கள் அதை இகழ்ந்து பேர்வால்டு ப்ரொட்ராக்டர் என்ற கோணம் பார்க்கும் அட்டையை வைத்து மாற்றுவார்கள். பழைய தமிழ்ப் படத் தட்டுகளுக்கு நான் 52-ஐத்தான் வைத்திருக்கிறேன். ஒரு பக்கத்தில் நிறையப் பாட்டை அடைத்து லேபிளை முட்டுமளவுக்கு வெட்டிய தட்டுகள் நம்மிடம் ஏராளம். உங்கள் அளவுகோல் தொலைந்திருந்தால் நல்ல இரும்பு ஸ்கேல் போதும். அரை மில்லிமீட்டர் தள்ளிப்போனாலும் காதில் விழும். இன்னொரு எச்சரிக்கை, கார்ட்ரிட்ஜ் பெட்டியின் பக்கவாட்டை நம்பிக் கோணம் வைக்காதீர்கள். முன்னால் குனிந்து, ஊசியைத் தாங்கும் அந்தக் குச்சியை, கான்டிலீவரைப் பார்த்து வையுங்கள். பெட்டி நேராக இருந்து கான்டிலீவர் சற்றே கோணலாக இருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

ஆனால் இரண்டு பக்கமும் கிழியாமல் வலது மட்டும் கிழிகிறது என்றீர்கள். அது பெரிய துப்பு. வளைந்த ஆர்மில் ஊசி எப்போதும் மையத்தை நோக்கி இழுபடும். அப்படி இழுபடும்போது பள்ளத்தின் உள்சுவரில் அழுந்தி, வெளிச்சுவரை விட்டு நழுவும். உள்சுவர் இடது சேனல், வெளிச்சுவர் வலது சேனல். வலது கிழிந்தால், அந்த இழுப்பைச் சமன்செய்யும் ஆன்டி-ஸ்கேட்டிங் போதவில்லை என்று பொருள். இடது கிழிந்தால் கூடிப்போயிற்று. இரண்டும் கிழிந்தால் ஊசியின் பாரம் குறைவு, அல்லது ஊசியில் அழுக்கு, அல்லது தட்டே போய்விட்டது. உங்கள் ஆன்டி-ஸ்கேட்டிங் குமிழ் பூஜ்யத்தில் இருக்கும் என்று நினைக்கிறேன். ஆர்மைச் சமநிலைப்படுத்தும்போது பூஜ்யத்தில் வைத்துவிட்டு மறப்பது எல்லாருக்கும் நடப்பது. இரண்டில் தொடங்கி, மோசமாகக் கிழியும் அந்தக் கடைசிப் பாட்டைப் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். பள்ளமே இல்லாத வழவழப்பான தட்டில் ஊசியை வைத்து அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து ஆன்டி-ஸ்கேட்டிங் வைக்கும் வித்தையை நான் நம்புவதில்லை. பாட்டில் ஊசி பள்ளத்தின் சுவர்களில் உரசுகிறது, அங்கே உரசச் சுவரே இல்லை.

பாரத்தையும் சரிபார்க்க வேண்டும். டிஎல்-103-க்கு 2.5 கிராம், அதிலிருந்து 0.3 கூடலாம் குறையலாம். ஆர்மின் பின்பாரத்தில் உள்ள எண்ணை வைத்துத் தொடங்குங்கள், ஆனால் மில்லிகிராம் காட்டும் சின்ன மின் தராசு ஒன்றில் அளந்து முடியுங்கள். தராசின் தட்டு இரும்பானால் மூவிங் காயிலின் காந்தம் அதைக் கவ்வும், அளவு பொய்யாகும். இசைத்தட்டு இருக்கும் உயரத்துக்குச் சமமாகத் தராசு இருக்கட்டும். குறைந்த பாரம்தான் தட்டுக்கு நல்லது என்று நினைத்து 2 கிராமுக்கு இறக்கிவிடாதீர்கள். பாரம் போதாத ஊசி பள்ளத்துக்குள் அடங்காமல் துள்ளும், துள்ளும் வைரம் சுவரைக் கொத்தும். பாரம் சற்றுக் கூடியதால் கெட்ட தட்டைவிட, குறைந்ததால் கெட்ட தட்டுகளைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

இனி பெரியப்பா. அவர் அந்தத் தட்டுகளை எதில் கேட்டார் என்று வீட்டில் விசாரியுங்கள். அலமாரிபோல் நிற்கும் ரேடியோகிராமில் என்றால், அதிலிருந்த செராமிக் கார்ட்ரிட்ஜ் ஐந்து கிராமுக்கு மேல் அழுத்தியிருக்கலாம், தேய்ந்த ஊசியை ஆண்டுக்கணக்கில் மாற்றாமலும் ஓட்டியிருக்கலாம். அவர் விரும்பிக் கேட்ட பாட்டுகள்தான் அதிகம் தேய்ந்திருக்கும். மேலே சொன்னதெல்லாம் செய்தும் குறிப்பிட்ட சில தட்டுகள் மட்டும் அதே இடத்தில் கிழிந்தால் அது காயம், எந்தக் கார்ட்ரிட்ஜும் ஆற்றாது. சோதிக்க ஒரு புதிய தட்டைப் போட்டுப் பாருங்கள். அதில் கடைசிப் பாட்டு சுத்தமாக வந்தால் உங்கள் அமைப்பு சரி. மோனோ தட்டுகளுக்கு ஒரு சின்ன நிவாரணம் உண்டு, ஆம்ப்ளிஃபையரில் மோனோ பொத்தான் இருந்தால் அழுத்துங்கள். மோனோவில் பாட்டு பக்கவாட்டு அசைவில் மட்டும்தான் இருக்கிறது, மேலும் கீழுமாக வரும் தூசிச் சத்தமும் கீறலும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு கணிசமாகக் குறையும். அறுபதுகளின் எச்.எம்.வி., கொலம்பியா தட்டுகளுக்கு நான் இதைத்தான் செய்கிறேன்.

ஊசியின் சாய்வுக்காக ஆர்மை ஏற்றி இறக்குவதைப் பற்றி நிறையப் படித்திருப்பீர்கள். இந்த ஆர்மில் ஒரு டிகிரி மாற வேண்டுமானால் பின்பக்கத்தை 4 மில்லிமீட்டர் தூக்க வேண்டும். டிஎல்-103-இன் முனை உருண்டை, அந்த ஒரு டிகிரியை அது கண்டுகொள்ளவே செய்யாது. பாட்டு ஓடும்போது ஆர்ம் தட்டுக்கு இணையாக இருந்தால் போதும், மேலே போங்கள். கூர்மையாகப் பட்டை தீட்டிய முனை வாங்கும் நாளில் இதைப் பேசுவோம்.

ஊசி குதிப்பதற்குக் காரணம் உங்கள் மகள் இல்லை, பலகை. பழைய கடைவீட்டு மாடியில் நடந்தால் தரை மெல்ல ஊஞ்சலாடும், வினாடிக்குச் சில தடவை. ஆர்மும் கார்ட்ரிட்ஜும் சேர்ந்தும் ஓர் ஊஞ்சல்தான். மொத்தப் பாரத்தையும் கம்ப்ளையன்ஸையும், அதாவது ஊசி எவ்வளவு இளகி அசையும் என்ற அளவையும், பெருக்கி, அதன் வர்க்கமூலத்தால் 159-ஐ வகுத்தால் அதன் இயல்பு அதிர்வெண் கிடைக்கும். ஆர்ம் 12 கிராம், கார்ட்ரிட்ஜ் 8.5, திருகோடு சேர்த்து 21 என்று வைத்துக்கொள்ளுங்கள். டிஎல்-103-இன் கம்ப்ளையன்ஸ் 5 என்று போட்டிருப்பார்கள், ஆனால் அது 100 ஹெர்ட்ஸில் அளந்தது. நம் கணக்குக்கான 10 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய இரட்டிப்பு, 10 என்று கொள்ளலாம். 210-இன் வர்க்கமூலம் 14.5, ஆக 11 ஹெர்ட்ஸ். 8 முதல் 12 வரை இருப்பது நல்லது. நெளிந்த தட்டின் ஆட்டம் அதற்குக் கீழே, பாட்டு அதற்கு மேலே. உங்களுடையது கச்சிதமாக இந்த எல்லைக்குள் விழுகிறது. கார்ட்ரிட்ஜும் ஆர்மும் பொருந்தாத ஜோடி என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

ஆகவே மாற்ற வேண்டியது மேசையை. அந்த எந்திரம் 18 கிலோ. அதை மெல்லிய கால் மேசையில் அறையின் நடுவே வைத்திருக்கிறீர்கள், பலகை அங்கேதான் அதிகம் தாழும். கடைவீட்டில் இரண்டு வீட்டுக்கும் பொதுவான பக்கச் சுவர் செங்கல்லாக இருக்கும். அதில் நல்ல இரும்புத் தாங்கி அடித்துக் கெட்டியான பலகை போட்டு எந்திரத்தை ஏற்றுங்கள். தச்சரிடம் பாரத்தை முன்பே சொல்லிவிடுங்கள், சுவர்த் துளையில் சொருகும் மலிவான பிளாஸ்டிக் பிளக்கில் இது நிற்காது. பக்கத்து வீட்டுக்காரர் ஆணி அடிக்காத சுவராகப் பாருங்கள். ஏற்றியபின் இசைத்தட்டைத் தாங்கிச் சுற்றும் பிளேட்டரின்மேல் ரசமட்டம் வைத்து, எந்திரத்தின் கால்களைத் திருகி நான்கு திசையும் மட்டமாக்குங்கள். மட்டம் தவறினால் மேலே பார்த்த ஆன்டி-ஸ்கேட்டிங் கணக்கு எல்லாம் வீண். அதனால் வேலையை இந்தச் சுவரிலிருந்துதான் தொடங்க வேண்டும். நான் இரைச்சலில் தொடங்கியது நீங்கள் அதை முதலில் கேட்டதால்.

சுவரில் ஏற்றியபின் ஒரு சோதனை. பிளேட்டர் நிற்கட்டும். நிற்கும் தட்டின்மேல் ஊசியை இறக்கி, வால்யூமை மெல்ல வழக்கமான இடம்வரை கொண்டுபோய், பலகையை விரல் மூட்டால் தட்டுங்கள். லேசாக 'டொப்' என்றால் பரவாயில்லை. முரசுபோல் முழங்கினால், அல்லது தட்டாமலே ஊளையிடத் தொடங்கினால், ஸ்பீக்கரின் அதிர்வு ஊசிக்குத் திரும்ப வருகிறது. உடனே வால்யூமை இறக்கிவிட்டு, ஸ்பீக்கரை அந்தச் சுவரைவிட்டு விலக்குங்கள்.

ஒரு சேனல் திடீரென்று மௌனமாவது நம் ஊர் ஈரக்காற்றில் அடிக்கடி வரும் இன்னொரு வியாதி. ஹெட்ஷெல்லைக் கழற்றி அதன் நான்கு சிறு முனைகளையும் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்தால் பத்துக்கு எட்டுத் தடவை சரியாகிவிடும். ஆகாவிட்டால் போனோ ஸ்டேஜின் இன்புட்டில் இடது வலது வயரை மாற்றிச் சொருகுங்கள். மௌனம் பக்கம் மாறினால் குறை டர்ன்டேபிள் பக்கம், மாறாவிட்டால் போனோ ஸ்டேஜிலோ அதற்கு அப்பாலோ. பாட்டில் பேஸ் இல்லாமல், பாடகர் நடுவில் நிற்காமல் எங்கோ பரவிக் கேட்டால் கார்ட்ரிட்ஜின் பின்னால் ஒரு ஜோடி வயர் தலைகீழ். வெள்ளை இடது, நீலம் அதன் எதிர்முனை, சிவப்பு வலது, பச்சை அதன் எதிர்முனை. அந்தச் சிறு கவ்விகளைப் பிடித்து இழுக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். டிஎல்-103-இல் ஊசியை மட்டும் கழற்றி மாற்ற முடியாது, ஒரு தவறுக்கு முழுக் கார்ட்ரிட்ஜும் போகும்.

பெரியப்பாவின் தட்டுகளில் வெள்ளை வெள்ளையாகப் படர்ந்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். அது பூஞ்சை. ஊசியை வைக்குமுன் கழுவியாக வேண்டும், இல்லாவிட்டால் ஊசி முனையில் பந்தாகச் சேர்ந்து மறுபடியும் 'ச' கிழியும், நீங்கள் மறுபடியும் எனக்கு எழுதுவீர்கள். காய்ச்சி வடித்த நீரில் ஓரிரு சொட்டு வாசனையில்லாத பாத்திர சோப்பு, மென்மையான தூரிகை, பள்ளம் ஓடும் திசையில் வட்டமாக. அப்புறம் வெறும் காய்ச்சி வடித்த நீரில் அலசி, காற்றாட நிறுத்திக் காயவிடுங்கள், வெயிலில் அல்ல. லேபிள் நனையக் கூடாது. குவியலில் கனமான 78 சுற்றுத் தட்டுகள் இருந்தால் அவற்றில் ஆல்கஹால் படவே கூடாது, அவை ஷெல்லாக்கு, கரைந்துவிடும். அவற்றுக்கு இந்த ஊசியும் உதவாது, பள்ளம் மிகவும் அகலம். ஊசியைப் பின்னாலிருந்து முன்னால் மட்டும் துடையுங்கள். காய்ந்த தட்டுகளைப் புதிய உறையில் போட்டு, நெருக்கி அடைக்காமல் நிமிர்த்தி வையுங்கள், பழைய உறையில்தான் பூஞ்சையின் விதை இருக்கிறது.

மதியத்துக்கு மேல் மேகம் கறுத்தால் எல்லாப் பிளக்கையும் சுவரிலிருந்து உருவிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது. நம் மலையோரத்து இடி சுவிட்சுக்குள் இருக்கும் அந்தச் சிறு இடைவெளியைத் தாண்டிக் குதிக்கும்.

கார்ட்ரிட்ஜுக்கு ஒதுக்கி வைத்த பணத்தில் இரும்புத் தாங்கி, எர்த் வயர், தராசு மூன்றும் வாங்கினாலும் பெரும்பகுதி மிஞ்சும். தராசை வாங்குமுன் ஒரு தடவை என்னுடையதைக் கொண்டுபோய் அளந்து பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டில்தான் இருப்பேன். வரும்போது அந்தக் கடைசிப் பாட்டு கிழியும் தட்டில் ஒன்றைக் கையோடு கொண்டுவாருங்கள், காயமா அமைப்பா என்று இங்கேயே போட்டுப் பார்த்துவிடலாம்.